பெயர் பிரிக்கும் மாதம்

அக்டோபர் பிறந்தால் என் கடைக்கு இரண்டு கூட்டம் வரும். ஜெர்சியில் பெயர் தைக்கச் சொல்லி ஒரு கூட்டம். தைத்த பெயரைப் பிரிக்கச் சொல்லி இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் ஆட்டத்துக்கு முன்னால் வரும். குடும்பத்தோடு, சத்தமாக, இன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டு. இரண்டாவது கூட்டம் தோற்ற மறுநாள் காலையில் ஒவ்வொருவராக வரும். பையிலிருந்து ஜெர்சியை எடுத்து மேசையில் போட்டுவிட்டு, முதுகில் இருப்பதை எடுத்துவிடுங்கள் என்பார்கள். பெயரைச் சொல்லமாட்டார்கள்.

கடை லாஸ் ஏஞ்சலஸில், சன்செட் புலவார்டில் இருக்கிறது. டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு இங்கிருந்து நடந்தே போகலாம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஓவர்லாக் மெஷினில் கை பழகியவன் நான். இங்கே வந்து பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஆரம்பித்தேன். அக்கம்பக்கத்து ரசிகர்கள் கொண்டுவந்த ஜெர்சிகள் என்னை எழுத்துத் தையலுக்கு இழுத்துவிட்டன. வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் மெக்சிகோ வழிக் குடும்பங்கள். கைத்தொழில்காரரை ‘மாயெஸ்ட்ரோ’ என்று மரியாதையாக அழைப்பது அவர்கள் வழக்கம். என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பேஸ்பால் பார்த்திராதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் தோல்வி அணிக்குத்தான். பந்துவீச்சாளர் எவ்வளவு அடிவாங்கினாலும் இன்னார் தோற்றார் என்று ஏட்டில் ஏறாது. பேஸ்பாலில் ஏறும். ஒவ்வொரு ஆட்டத்தின் தோல்வியும் தோற்ற அணியின் பிட்சர் ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. பத்து அங்குல மண்மேட்டில் தனியாக நின்று பந்தெறிகிற மனிதனின் கணக்கில் வெற்றி இத்தனை, தோல்வி இத்தனை என்று வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். 2019இல் கிளேட்டன் கெர்ஷாவின் கணக்கு 16 வெற்றி, 5 தோல்வி.

கெர்ஷா இந்த ஊரின் பிள்ளை மாதிரி. பிறந்தது டெக்சஸில்தான், ஆனால் 2008இல் டாட்ஜர்ஸ் சட்டையைப் போட்டவர் வேறு கிளப்பின் சட்டையைப் போடவே இல்லை. இடது கை, எண் 22. லீகின் அந்தந்த வருடச் சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருதை 2011, 2013, 2014 என மூன்று முறை வாங்கியவர். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ஓட்டம் கொடுக்கிறார் என்பதுதான் பிட்சருக்கான அளவுகோல். 2019 முடிவில் வழக்கமான பருவ ஆட்டங்களில் அவருடைய சராசரி 2.44. அவருடைய தலைமுறையில் அதற்குப் பக்கத்தில் வருகிறவர்கள் குறைவு. அதே மனிதருக்கு, 162 ஆட்டங்கள் முடிந்தபின் வரும் பிளேஆஃபில் 4.43. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் வேதனைதான் என் மேசைக்கு ஜெர்சியாக வந்து சேரும்.

2019 அக்டோபர் 9 இரவைச் சொல்கிறேன். டாட்ஜர்ஸ் அந்த ஆண்டு 106 ஆட்டங்களை வென்றிருந்தார்கள். கிளப்பின் சரித்திரத்திலேயே அதுவரை அவ்வளவு வந்ததில்லை. எதிரில் வாஷிங்டன் நேஷனல்ஸ். ஐந்து ஆட்டத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், எங்கள் ஸ்டேடியத்தில். வாக்கர் ப்யூலர் ஏழாவது இன்னிங்ஸ் வரை ஒரே ஒரு ஓட்டம் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தார். 3-1 முன்னிலை. அந்த இன்னிங்ஸில் ஓர் அவுட் பாக்கி இருக்கும்போது மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் கெர்ஷாவைக் கூப்பிட்டார். மூன்றே பந்துகளில் ஆடம் ஈட்டனை வெளியேற்றினார் கெர்ஷா. கடையில் டி.வி. முன்னால் நின்றிருந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஸ்டேடியத்தின் இரைச்சல் ஜன்னல் வழியாகவே கேட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டாவது இன்னிங்ஸுக்கும் அவரையே அனுப்பினார் ராபர்ட்ஸ். முதலில் வந்த ஆந்தனி ரெண்டோன் ஒரு ஹோம் ரன். அடுத்து வந்தவர் ஹுவான் சோட்டோ, இருபது வயதுப் பையன். அவர் முதல் பந்தையே வேலிக்கு வெகுதூரம் அப்பால் அனுப்பினார். அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் இரண்டு ஹோம் ரன். 3-3. கெர்ஷா டகவுட்டுக்குப் போய் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கேமரா அவரை விடவே இல்லை. பத்தாவது இன்னிங்ஸில் ஜோ கெல்லி எறிந்த பந்தில் ஹவி கென்ட்ரிக் நான்கு ஓட்டங்களுக்கு அடித்தார். 7-3. பருவம் முடிந்தது.

ஏட்டில் அந்தத் தோல்வி யார் பெயரில் இருக்கிறது தெரியுமா? ஜோ கெல்லி பெயரில். மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து ஆட்டம் முடியும்வரை டாட்ஜர்ஸ் அடித்த ஓட்டம் பூஜ்யம். அது யார் பெயரிலும் இல்லை. அன்றிரவு ஸ்டேடியத்தின் கார் நிறுத்துமிடத்தில் தரையில் விரித்துப்போட்டு, மேலே காரை ஏற்றி மிதித்த ஜெர்சி கெர்ஷாவுடையது. அந்தக் காட்சியை நாடே பார்த்தது. ரசிகனின் கோபம் ஏட்டைப் பார்த்து வருவதில்லை. யாரை அதிகம் நம்பினானோ அவனைத் தேடிப் போகிறது.

மறுநாள் கதவைத் திறப்பதற்குள் வாசலில் ஆள் நின்றார்கள். அதில் ஒரு அப்பாவும் மகளும். அவர் பஸ் ஓட்டுநர், டூட்டிக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தார். மகள் பள்ளிக்கூடப் பையோடு. மேசையில் விழுந்த வெள்ளை ஜெர்சி நான் தைத்ததுதான். அவர் பிறந்தநாளுக்கு வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாங்கித் தந்தது.

“எடுத்துடுங்க மாயெஸ்ட்ரோ. இவனை நம்பினது போதும்.”

மகள் குறுக்கே வந்தாள். “அப்பா, எட்டாவதுக்கு அவரை அனுப்பினது ராபர்ட்ஸ். ராபர்ட்ஸ் பேர் போட்ட சட்டை இருந்தா அதைக் கொண்டு வந்திருப்பீங்களா?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ஆள் மேல எனக்குக் கோபமே வரலைம்மா. இவன் மேலதான் வருது” என்றார்.

நான் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்த பிறகுதான் வேலையில் கை வைப்பேன், அதற்குள் மனசு மாறினால் வந்து அப்படியே வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று சொன்னேன். எல்லோருக்கும் சொல்வதுதான். அக்டோபரில் வரும் பிரிப்பு வேலையை நான் உடனே தொடுவதில்லை. என் மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு. “என்னங்க, அலமாரி பூரா இருபத்திரண்டா தொங்குது. வர்ற கல்யாண ஆர்டரை எங்க மாட்டறது?” என்பாள். கெட்ட ஆட்டம் ஒன்று முடிந்த காலையில் ஒரு மனிதர் எடுக்கும் முடிவுக்கு நான் கத்தரி கொடுக்கமாட்டேன். அதற்குத் தொழில் சார்ந்த காரணமே இருக்கிறது.

எழுத்தைத் தைப்பது சுலபம். ட்வில் துணியில் வெட்டிய எழுத்தின் பின்பக்கம் பசை இருக்கும். ஹீட் பிரஸ்ஸில் வைத்து ஒட்டி, விளிம்பைச் சுற்றி நெருக்கமாக ஜிக்ஜாக் ஓட்டினால் முடிந்தது. பிரிப்பதுதான் பாடு. மேலிருந்து ஆரம்பித்தால் ஜெர்சித் துணி பிசிறிவிடும். அதனால் ஜெர்சியை உள்பக்கமாகத் திருப்பி, பாபின் நூலை மூன்று நான்கு தையலுக்கு ஒருமுறை சீம் ரிப்பரால் வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் அவசரப்பட்டாலும் துணியில் ஓட்டை. கீழ்நூல் முழுக்க விட்டுக்கொடுத்ததும் வெளிப்பக்கம் மேல்நூலை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பிறகு ஈரத்துணி போட்டு இஸ்திரி வைத்து, சூடு ஆறுவதற்குள் எழுத்தை ஒரு மூலையிலிருந்து உரிக்க வேண்டும். ஆறிவிட்டால் பசை பாதி துணியோடு நின்றுவிடும். கெர்ஷா என்பது ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. எஸ் எழுத்தின் வளைவுகளும், டபிள்யூவின் முனைகளும் அதிக நேரம் வாங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் போகாது. நாலைந்து வருடம் வெயிலும் வியர்வையும் சலவையும் பார்த்த ஜெர்சியின் வெள்ளை கொஞ்சம் மஞ்சளித்திருக்கும். எழுத்துக்கு அடியில் இருந்த துணி மட்டும் வாங்கிய நாள் வெள்ளையில் இருக்கும். எழுத்தை எடுத்ததும் அந்த ஏழு எழுத்தும் புது வெள்ளையாகத் தெரியும். சுற்றிலும் வரிசையாக ஊசித் துளைகள். ஆவி காட்டினால் துளைகள் ஓரளவு மூடும். நிறத்துக்கு மருந்து கிடையாது. வாடிக்கையாளரிடம் நான் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவேன். பழைய பிரிப்பு ஜெர்சி ஒன்றை மாதிரிக்கு வைத்திருக்கிறேன். அதை வெளிச்சத்தில் காட்டுவேன். பார்த்ததும் பாதிப் பேர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நிஜமாகவே வெறுத்துவிட்டவன் தையல்காரனிடம் வருவதில்லை. குப்பையில் போட்டுவிட்டுப் போய்விடுவான். பெயரை மட்டும் எடுத்து ஜெர்சியைத் திருப்பிக் கொடு என்று கேட்பவனுக்கு இன்னும் விட மனமில்லை. 2019இன் அந்தத் தோல்வி இரவில் கெர்ஷாவே நிருபர்கள் முன்னால் நின்று, பிளேஆஃபில் தன்னைப் பற்றி எல்லோரும் சொல்வது இப்போதைக்கு உண்மைதான் என்கிற பொருளில் பேசினார். வேறு யார் மேலும் பழியைத் தள்ளவில்லை. அந்தப் பேட்டியைப் பார்த்துவிட்டு வந்து சட்டையை வாங்கிப்போனவர்களும் உண்டு. ராபர்ட்ஸும் பழி தன்மேல் விழுந்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அதற்காக யாரும் வரவில்லை.

இந்தக் கிளப் இதற்கு முன்பும் ஒரு பிட்சரை இப்படிச் சுமக்க வைத்திருக்கிறது. டாட்ஜர்ஸ் நியூயார்க்கின் ப்ரூக்ளினில் இருந்த காலம். 1951 அக்டோபர் 3, போலோ கிரவுண்ட்ஸ். கடைசி இன்னிங்ஸில் டான் நியூகாம்புக்குப் பதிலாக ரால்ஃப் ப்ராங்கா மண்மேட்டில் ஏறினார். முதுகில் எண் 13. இரண்டாவது பந்தில் பாபி தாம்சன் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னில் எதிரணியான ஜயண்ட்ஸ் 5-4 என்று வென்றது. உடைமாற்றும் அறையின் படிக்கட்டில் ப்ராங்கா முகம் புதைத்துக் கிடக்கும் புகைப்படத்தைப் பழைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். 2016இல் சாகும்வரை அவரை அந்த ஒரு பந்தை வைத்துத்தான் ஊர் அடையாளம் சொன்னது. ஜயண்ட்ஸ் அந்தப் பருவத்தில் தொலைநோக்கி வைத்து அடுத்த பந்து எது என்று எதிரணி கேட்சர் காட்டும் சைகைகளைத் திருடினார்கள் என்பது 2001இல்தான் பத்திரிகையில் விரிவாக வந்தது. ஐம்பது வருடம்.

கெர்ஷாவுக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. 2017 உலகத் தொடர், ஹூஸ்டனில் ஐந்தாவது ஆட்டம். 4-0 என்று கையில் கொடுத்த முன்னிலையையும், பிறகு 7-4 என்று மீண்டும் கொடுத்ததையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. பத்து இன்னிங்ஸ் ஓடி ஹூஸ்டன் 13-12 என்று வென்றது. அந்த வருடமும் என் அலமாரியில் இருபத்திரண்டுகள் தொங்கின. 2020 ஜனவரியில் பேஸ்பால் கமிஷனரின் விசாரணை அறிக்கை வந்தது. ஹூஸ்டன் அணி 2017இல் கேமரா வழியாகச் சைகைகளைப் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டி அடிப்பவருக்குத் தகவல் சொல்லியிருக்கிறது. 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். மேனேஜரும் ஜெனரல் மேனேஜரும் இடைநீக்கம். பட்டத்தைப் பறிக்கவில்லை.

அறிக்கை வந்த வாரத்தில் கடைக்கு வந்தவர்களின் முகங்களை மறக்கமுடியாது. 2017இல் பிரித்துக்கொண்டு போனவர்கள் வெற்று முதுகோடு ஜெர்சியைக் கொண்டுவந்தார்கள். அதே பெயரை அதே இடத்தில் திரும்பத் தைக்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும். அந்தப் புது வெள்ளைத் தடம்தான் அப்போது வழிகாட்டி. அளவு எடுக்கவே வேண்டியதில்லை. எழுத்தை அந்தத் தடத்தின் மேல் வைத்தால் அச்சாகப் பொருந்தும். தையலை மட்டும் பழைய துளைகளுக்கு ஒரு நூல் வெளியே ஓட்ட வேண்டும். அதே துளையில் மறுபடி ஊசி இறங்கினால் துணி கிழிந்துவிடும்.

இந்த ஊர்க்காரர்கள் இன்னொரு பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். டானி மூர். இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஆனஹைமில், ஏஞ்சல்ஸ் அணிக்கு 1986 அக்டோபர் 12 அன்று உலகத் தொடருக்குப் போக இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் தேவைப்பட்டது. மூர் எறிந்தார், பாஸ்டனின் டேவ் ஹெண்டர்சன் ஹோம் ரன் அடித்தார். ஆட்டம் போனது, தொடரும் போனது. அடுத்த பருவங்களில் மூர் மண்மேட்டில் ஏறும்போதெல்லாம் சொந்த ஊர்க் கூட்டமே கூச்சலிட்டு விரட்டியது. 1989 ஜூலையில் அவர் தன் மனைவியைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்தார், மனைவி பிழைத்தார். உடம்பில் காயம், வேலை போனது, வீட்டில் நெடுநாள் சிக்கல் என்று பல இருந்தன. ஒரு பந்துதான் கொன்றது என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் அந்தக் கூச்சலில் தன் குரலும் இருந்தது என்று என் மேசைக்கு எதிரில் நின்று கண்கலங்கிய பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஏஞ்சல்ஸ் ஜெர்சியில் பெயரே போடவிடமாட்டார். எண் மட்டும் போதும் என்பார்.

2020இல் கொரோனாவால் ஸ்டேடியம் காலி. நாங்கள் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தோம். உலகத் தொடர் டெக்சஸின் ஆர்லிங்டனில், கெர்ஷா வளர்ந்த ஊருக்குப் பக்கத்தில் நடந்தது. டாம்பா பே அணிக்கு எதிராக முதல் ஆட்டத்தையும் ஐந்தாவது ஆட்டத்தையும் வென்றவர் அவர். ஐந்தாவதில் மானுவேல் மார்கோ மூன்றாவது பேஸிலிருந்து ஹோமுக்குத் திருட்டு ஓட்டம் ஓடினார். முதல் பேஸைக் காத்துநின்ற சக வீரர் மன்சி கத்த, கெர்ஷா பதறாமல் காலைப் பின்னால் எடுத்துவைத்து பந்தை கேட்சருக்கு எறிந்தார். மார்கோ அவுட். எத்தனையோ அக்டோபர்களில் நொறுங்கிப்போன மனிதர் என்று சொல்லப்பட்டவரின் கை அந்த நொடியில் ஆடவில்லை. அக்டோபர் 27 அன்று பட்டம் வந்தது. பஸ் ஓட்டுநர் தெருவிலிருந்தே ஹார்ன் அடித்துக்கொண்டு போனார். 2019இல் சீட்டோடு விட்டுப்போன ஜெர்சியை அவர் முந்தைய நவம்பரிலேயே, நான் கை வைப்பதற்கு முன்பே, வந்து வாங்கிப்போயிருந்தார்.

அதன்பிறகு ஏதோ மாறிவிட்டது. 2023 அக்டோபர் 7, அரிசோனாவுக்கு எதிரான முதல் ஆட்டம். கெர்ஷா ஒரே ஒரு அவுட் எடுப்பதற்குள் 6 ஓட்டங்கள் கொடுத்தார். 11-2. கணக்குப்படி அவருடைய பிளேஆஃப் ஆட்டங்களிலேயே படுமோசமானது அதுதான். மறுநாள் காலை அலமாரியில் இடம் ஒதுக்கிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிரிக்கச் சொல்லி ஒருவரும் வரவில்லை. தோள் சரியில்லாமல் எறிந்திருக்கிறார், ஏன் எறியவிட்டார்கள் என்றுதான் பேசினார்கள். நவம்பரில் அவருக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது.

2025 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். அக்டோபர் 8 அன்று பிலடெல்ஃபியாவுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸில் 5 ஓட்டங்கள், 8-2 தோல்வி. அதற்கும் யாரும் வரவில்லை. அதே மாதம் 27ஆம் தேதி, டொரான்டோவுக்கு எதிரான உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம். 5-5. பன்னிரண்டாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட். எழுந்து நின்ற கூட்டத்தின் நடுவே முப்பத்தேழு வயதுக்காரர் மண்மேட்டுக்கு வந்தார். நேத்தன் லூக்ஸ் தரையோடு அடித்த பந்தை டாமி எட்மன் எடுத்து முதல் பேஸுக்குத் தள்ளினார். அவ்வளவுதான் கெர்ஷா செய்தது. பதினெட்டாவது இன்னிங்ஸில் ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தபோது நள்ளிரவை நெருங்கியிருந்தது. மறுநாள் கடையில் 22 மட்டும் தைத்து மாளவில்லை.

ஆனால் அந்த மாதத்தில் என் கை மிகவும் விரும்பிச் செய்த வேலை வேறு. அக்டோபர் 9, அதே ஸ்டேடியம், அந்த பிலடெல்ஃபியா தொடர்தான். நான்காவது ஆட்டம், 11ஆவது இன்னிங்ஸ், 1-1. பிலடெல்ஃபியாவின் பிட்சர் ஓரியன் கெர்கரிங், இருபத்துநான்கு வயது. தன் பக்கமே வந்த பந்து உடம்பில் பட்டுச் சிதறியது. எடுத்து முதல் பேஸுக்கு எறிந்திருந்தால் இன்னிங்ஸ் முடிந்திருக்கும். பதற்றத்தில் ஹோமுக்கு எறிந்தார். பந்து கேட்சரைத் தாண்டிப் போனது. 2-1. பிலடெல்ஃபியாவின் பருவம் அந்த எறிதலோடு முடிந்தது. அவர் முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றார். வலது வெளிக்களத்திலிருந்து நிக் காஸ்டெயானோஸ் அவரை நோக்கி ஓடிவந்ததைப் பார்த்தேன். மேனேஜர் ராப் தாம்சன் அவர் தோளில் கை போட்டார். எங்கள் தெருவெல்லாம் பட்டாசு.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தார். பிலடெல்ஃபியாவில் பிறந்து இங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர். பெயரில்லாத சிவப்புக் கோடு போட்ட ஜெர்சியை மேசையில் விரித்தார். கெர்கரிங், 50 என்றார். எழுத்துக்கூட்டிச் சொன்னார். நான் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன்.

“நிச்சயமா இந்தப் பேருதானா?”

“இதேதான். அடுத்த ஏப்ரல்ல அவர் மேட்டுல ஏறும்போது ஸ்டாண்டுல இந்தப் பேரு ஒண்ணாவது தெரியணும்.”

ஒன்பது எழுத்து. சிறிய அளவு ஜெர்சி. தோள் தையலுக்கும் தோள் தையலுக்கும் நடுவில் ஒன்பது எழுத்தை வளைவாக உட்காரவைப்பது லேசுப்பட்டதல்ல. இரண்டு கே-யும் அகலம் தின்னும், ஐ இடம் மிச்சப்படுத்தும். முதலில் சாக்பீஸால் நடுக்கோடு போட்டு, ஐந்தாவது எழுத்தான ஈ-யை அதில் நிறுத்தி, இரு பக்கமும் நாலு நாலாகப் பிரித்தேன். கோடுகள் எழுத்துக்குள் சாய்ந்துவிடக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் குண்டூசி குத்தி, அவரையே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பி நிற்கச் சொன்னேன். ஜி கொஞ்சம் கீழே இறங்குகிறது என்றார். சரிதான். இரண்டு நூல் ஏற்றினேன். பிறகு மெஷினில் போட்டு, சாதாரணமாக ஓட்டுவதைவிட நெருக்கமாக ஜிக்ஜாக் ஓட்டினேன்.